விளையாட்டுச் சித்திரக்காரர்

மாலை வேளையில் ஆரப்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தால், தெருப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். அவர்களிடம் மட்டை உண்டு, பந்து உண்டு, விக்கெட்டுக் குச்சிகள் இல்லை. அதற்காக அவர்கள் கவலைப்படுவதும் இல்லை. ஒரு பையன் கரித்துண்டு ஒன்றை எடுத்து எதிர்ச் சுவரில் மூன்று கோடுகள் கிழித்துவிடுகிறான். விக்கெட்டு ஆயிற்று! ஆட்டம் தொடங்குமுன்னே அங்கே ஒரு சித்திரம் தோன்றிவிடுகிறது.

விளையாட்டும் சித்திரமும் எங்கள் ஊரில் பழைய உறவினர். ஆரப்பாளையத்துப் புட்டுத்தோப்பில் ஆவணி மாதம் நடைபெறும் பிட்டுத் திருவிழா, இறைவனே கூலியாளாக வந்து வைகைக் கரைக்கு மண் சுமந்த கதையை நினைவூட்டுவது. அத்தகைய திருவிளையாடல்களை மீனாட்சியம்மன் கோயிலில், பொற்றாமரைக் குளத்தைச் சூழ்ந்த மண்டபச் சுவர்களில் நம் முன்னோர் வண்ணம் கொண்டு தீட்டி வைத்தனர். ஆயினும், மனிதர் ஆடும் ஆட்டங்களை வரைவதையே தொழிலாகக் கொண்டு ஒருவர் வாழ முடியும் என்பது பத்திரிகை யுகம் நமக்குக் காட்டிய புதுமை. அவ்வாறு வாழ்ந்த ஒருவரைப் பற்றியும், அவரோடு ஒப்பிடத்தக்க நம் நாட்டுச் சித்திரக்காரர் ஒருவரைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், அத்தொழில் எவ்வாறு தோன்றியது என்பதைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகைப்படக் கருவி பெரியது, சுமப்பதற்குக் கடினமானது. கண்ணாடித் தகட்டில் ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க வேண்டும். ஓடுபவனையும் தாவுபவனையும் பிடிப்பதற்குள் அவன் அப்பால் போய்விடுவான். பிடித்த படத்தை மலிவான செய்தித்தாளில் அச்சிட்டாலோ, முகம் எது, மைதானம் எது என்று தெரியாதவாறு கறுத்துப் போவதும் உண்டு. கோட்டுச் சித்திரத்திற்கு இத்துன்பம் இல்லை. மையால் வரைந்ததைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, கோடுகள் நீங்கலான பகுதியை அமிலத்தால் அரித்து எடுத்தால் அச்சுக் கட்டை ஆயத்தமாகும். அது எந்தத் தாளிலும் தெளிவாகப் பதியும்.

இன்னொரு நன்மையும் உண்டு. புகைப்படம் ஒரு கணத்தைக் காட்டும். சித்திரக்காரரோ ஆட்டம் முழுவதையும் ஒரே கட்டத்திற்குள் அடக்குவார். நடுவில் வென்றவனின் முகத்தைப் பெரிதாக வரைவார். சுற்றிலும் சிறு சிறு உருவங்களாக, அவன் விழுந்தது, எழுந்தது, நடுவர் விழித்தது, பார்வையாளர் ஒருவரின் தொப்பி பறந்தது ஆகிய யாவற்றையும் வரைவார். படிப்பவர் மைதானத்திற்குச் செல்லாமலே ஆட்டத்தைக் கண்டு சிரிப்பார். இங்கிலாந்தில் 'டெய்லி மெயில்' பத்திரிகையில் டாம் வெப்ஸ்டர் என்பவர் இக்கலையில் பெரும்புகழ் பெற்றார். 1921-இல் ஒரு பந்தயத்தில் கடைசியாக வந்த டிஷி என்னும் குதிரையை, கால்களைப் பின்னிக்கொண்டு ஓடுவதாக அவர் வரைந்தார். வென்ற குதிரையைவிடத் தோற்ற குதிரை அதிகப் புகழ் அடைந்தது!

நான் சொல்ல வந்தவர் அமெரிக்கர், ராபர்ட் ரிப்ளி. 'நம்பினால் நம்புங்கள்' என்னும் தலைப்பை நீங்கள் அறிவீர்கள். விந்தைச் செய்திகளுக்கு அத்தலைப்பை உலகெங்கும் பரப்பியவர் அவரே. ஆனால் அவர் விளையாட்டுச் சித்திரக்காரராகவே வாழ்க்கையைத் தொடங்கினார் என்பதைப் பலர் அறியார்.

அவர் கலிபோர்னியா மாநிலத்தில் சாண்டா ரோசா என்னும் சிற்றூரில் 1890-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை தச்சர். ரிப்ளிக்குப் பதினைந்து வயதளவில் தந்தை காலமானார். குடும்பம் வறுமையில் ஆழ்ந்தது. பையனுக்கு முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்தன, பேச்சும் திக்கும். வகுப்பில் எழுந்து நின்று தன் கட்டுரையைப் படிப்பது அவனுக்குப் பெருந்துன்பம். அவனுக்கு ஆங்கிலம் கற்பித்தவர் பிரான்சஸ் ஓமீரா என்னும் ஆசிரியை. அவர் அப்பையனின் தவிப்பைக் கண்டார். அவன் படம் வரைவதையும் கண்டார். "கட்டுரைக்குப் பதிலாகச் சித்திரம் வரைந்து கொண்டுவா" என்று இசைவு தந்தார். பாடத்தின் பொருளை அவன் புரிந்துகொண்டானா என்பதை அவனுடைய சித்திரமே அவருக்குச் சொல்லியது.

இவ்விடத்தில் என் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பள்ளி விளையாட்டு விழாவில் கபடிப் போட்டிக்கு நான் நடுவராக நின்றேன். மறுநாள் கணக்குப் பாட வேளையில் அவன் குனிந்து ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தேன். நான்தான் இருந்தேன்! முகத்தைவிடப் பெரிய ஊதல் வாயில். கன்னங்கள் பூசணிக்காய்போல் உப்பியிருந்தன. கபடி ஆடுபவர்கள் என் கால்களுக்கிடையே புகுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சினம் மூண்டது. "படம் வரைந்து பிழைக்கலாம் என்று நினைத்தாயோ?" என்று கேட்டு, நோட்டை என் அலமாரியில் போட்டுப் பூட்டினேன். திருப்பித் தரவும் மறந்தேன். அவன் அதன்பின் என் வகுப்பில் வரையவே இல்லை. அதை என் கண்டிப்பின் வெற்றி என்று அன்று எண்ணினேன். ஓமீராவைப் பற்றி நான் படித்தது பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

ரிப்ளியிடம் திரும்புவோம். குடும்பத்தைக் காக்க அவர் பள்ளிப் படிப்பை முடிக்காமலே வேலைக்குச் சென்றார். 1908-இல் 'லைப்' என்னும் நகைச்சுவைப் பத்திரிகை அவருடைய சித்திரம் ஒன்றை 8 டாலர் கொடுத்து வாங்கியது. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு நாளிதழில் விளையாட்டுச் சித்திரக்காரராகச் சேர்ந்தார். 1910 ஜூலை 4-ஆம் நாள் ரீனோ நகரில் ஜாக் ஜான்சன், ஜிம் ஜெப்ரீஸ் ஆகிய இருவருக்கும் நடந்த குத்துச் சண்டைக்கு இந்த இருபது வயது இளைஞர் அனுப்பப்பட்டார். கறுப்பர் ஒருவர் உலக வீரராக இருப்பதைப் பொறாத வெள்ளையர் பலர், ஓய்வு பெற்றிருந்த ஜெப்ரீஸை வற்புறுத்தி அரங்கிற்கு அழைத்துவந்த போட்டி அது. ஜான்சனே வென்றார். அதன் விளைவாக அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலகம் மூண்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. விளையாட்டு வெறும் விளையாட்டு அன்று; ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அது வெளிக்காட்டிவிடும். விளையாட்டை வரைபவர் அவ்வுள்ளத்தையும் காண்கிறார்.

பின்னர் அவர் நியூயார்க் சென்று 'குளோப்' பத்திரிகையில் அமர்ந்தார். அவருக்கு மற்றோர் ஆசை இருந்தது. பேஸ்பால் ஆட்டக்காரர் ஆகவேண்டும் என்பதே அது. புகழ் பெற்ற குழு ஒன்றில் சேரப் பயிற்சிக்கும் சென்றார். அங்கே கை முறிந்ததால் அவ்வாசை ஒழிந்தது என்பர். ஆட முடியாதவர், ஆடுபவர்களை இன்னும் கூர்ந்து நோக்கினார்.

1918 டிசம்பர் 19-ஆம் நாள் அவருடைய வாழ்வில் திருப்பம் நேர்ந்தது. குளிர்காலம், குறிப்பிடத்தக்க ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. மாலைப் பத்திரிகைக்குப் படம் கொடுத்தாக வேண்டும். விளையாட்டுத் துறையில் நிகழ்ந்த விந்தைகள் என்று தாம் சேர்த்து வைத்திருந்த பழைய குறிப்புகளைப் புரட்டினார். பின்னோக்கி ஓடியவர், ஒற்றைக் காலால் நொண்டி விரைந்தவர், தண்ணீருக்குள் நெடுநேரம் மூச்சடக்கி இருந்தவர் என்று ஒன்பது சாதனைகளை ஒரே கட்டத்தில் வரைந்து கொடுத்தார். வேலை இல்லாத ஒரு நாளை நிரப்புவதற்காக வரைந்தது அது. மக்கள் விரும்பினர். அடுத்த ஆண்டு அதே வகைச் சித்திரத்திற்கு 'நம்பினால் நம்புங்கள்' என்று பெயரிட்டார். சிறிது சிறிதாக விளையாட்டு விந்தைகள் குறைந்து, உலக விந்தைகள் இடம் பெற்றன.

மாணவர்களே, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் குறிப்புகளைச் சேர்த்து வைத்திராவிட்டால் அந்த நாள் வெறும் நாளாகவே கழிந்திருக்கும். வாய்ப்பு எல்லாருக்கும் வருகிறது. குறிப்பேடு உள்ளவருக்கே அது பயன்படுகிறது.

1920-இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டிகளை வரைய ஐரோப்பா சென்றார். 1922-ஆம் ஆண்டு இறுதியில் உலகப் பயணம் புறப்பட்டு, நம் நாட்டிற்கும் வந்தார். காசி நகரம் அவரைப் பெரிதும் கவர்ந்தது. ஒரு கையை உயர்த்தியபடியே ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த துறவி, முள் படுக்கையில் கிடந்தவர் முதலியோரை வரைந்து அனுப்பினார். அமெரிக்க மக்கள் வியந்தனர்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். காசியில் கல்வி கற்பவர் இருந்தனர். பட்டு நெய்பவர் இருந்தனர். இசை பயில்பவர் இருந்தனர். அவர்கள் அக்கட்டங்களில் இடம் பெறவில்லை; அவர்களிடம் 'விந்தை' இல்லை அல்லவா? தவம் செய்பவருக்கு அது வாழ்க்கை; அயலாருக்கு அது வேடிக்கை. 1933-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் ரிப்ளி ஓர் அரங்கம் அமைத்து, உடலமைப்பில் மாறுபட்ட மனிதர்களையும் காட்சிக்கு வைத்தார். பெருங்கூட்டம் கூடியது. இன்று அதைப் பாராட்ட நமக்கு மனம் வராது. ஒருவரைக் கண்டு வியப்பதற்கும் அவரை மனிதராக மதிப்பதற்கும் இடையே ஒரு கோடு உண்டு. சித்திரக்காரர் அறிய வேண்டிய கோடுகளுள் அதுவே மிக நுண்ணியது.

ஆனால் ஒரு பண்பு அவரிடம் போற்றத்தக்கது. அவர் பொய் சொல்கிறார் என்று மக்கள் குற்றம் சாட்டுவதை அவர் விரும்பி வரவேற்றார். ஏனெனில் சான்று அவரிடம் இருந்தது. 1927-இல் லிண்ட்பர்க் தனியே விமானத்தில் அட்லாண்டிக் கடலை இடைநில்லாது கடந்தார், உலகமே கொண்டாடியது. அவ்வாறு கடலைக் கடந்தவர்களில் அவர் 67-ஆமவர் என்று ரிப்ளி படம் வரைந்தார்! சினம் கொண்ட கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அவருடைய கணக்கு இது: 1919-இல் ஆல்காக், பிரவுன் இருவர், அதே ஆண்டு ஓர் ஆங்கில ஆகாயக் கப்பலில் 31 பேர், 1924-இல் ஒரு ஜெர்மன் ஆகாயக் கப்பலில் 33 பேர், ஆக 66. தனியாகக் கடந்தவர்களில் முதல்வர் லிண்ட்பர்க் என்பதை அவர் மறுக்கவில்லை. 'முதல்வர்' என்னும் சொல்லை எதனோடு சேர்த்துச் சொல்கிறோம் என்பதைக் கவனிக்கச் செய்தார். வரலாறு படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி உண்டோ?

1929-இல் அமெரிக்காவிற்குச் சட்டப்படியான தேசிய கீதம் இல்லை என்று ஒரு படம் வரைந்தார். மக்கள் திகைத்தனர், விண்ணப்பங்கள் எழுந்தன. 1931-இல் அந்நாட்டு அரசு சட்டம் இயற்றி அக்குறையை நீக்கியது. ஒரு சித்திரக்காரரின் சிறு கட்டம் சட்டமன்றத்தின் கண்ணைத் திறக்க உதவியது.

இச்சான்றுகள் எங்கிருந்து வந்தன? இங்கே புகழ் பெறாத ஒருவரை நான் வணங்க விரும்புகிறேன். அவர் பெயர் நார்பர்ட் பெர்ல்ராத். வங்கி ஒன்றில் எழுத்தராக இருந்தவர். பல மொழிகள் அறிந்தவர். 1923-இல் ரிப்ளியிடம் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகத்தில் நாள்தோறும் அமர்ந்து, நூல்களைப் புரட்டிச் செய்திகளைத் திரட்டுவதே அவர் பணி. ரிப்ளி மறைந்த பின்னும் அவர் விடவில்லை. 1975 வரை 52 ஆண்டுகள் அப்பணியைச் செய்தார். உலகம் சுற்றியவருக்குப் பெயர் கிடைத்தது. நாற்காலியில் அமர்ந்து படித்தவரால் அப்பெயர் நிலைத்தது.

ரிப்ளி 1949 மே 27-ஆம் நாள் தமது 59-ஆம் வயதில் நியூயார்க்கில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன், தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோதே மயங்கி வீழ்ந்திருந்தார். பிறந்த ஊரான சாண்டா ரோசாவில் அவரை அடக்கம் செய்தனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழில் 'ஆனந்த விகடன்' பக்கங்களில் மாலி போன்றவர்கள் சிரிப்புச் சித்திரத்தை வளர்த்த காலத்திலேயே, மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் வீட்டுத் தரையிலும் சுவரிலும் கதவிலும் வரைந்துகொண்டிருந்தான். அவன்தான் பின்னாளில் ஆர். கே. லட்சுமணன் என்று புகழ் பெற்றவர். 1921 அக்டோபர் 24-இல் பிறந்தார். தந்தை, என்னைப்போல் தலைமையாசிரியர். ஆனால் என்னைப்போல் நோட்டைப் பூட்டி வைத்தவர் அல்லர்! பள்ளியில் இலை ஒன்றை வரையும்படி ஆசிரியர் சொன்னபோது, இச்சிறுவன் வரைந்த இலையைக் கண்டு அவர் மனமாரப் பாராட்டினார். அந்தப் பாராட்டு தம் உள்ளத்தில் ஆழப் பதிந்ததை லட்சுமணன் முதுமையிலும் நினைவுகூர்ந்தார்.

ரிப்ளியைப்போலவே லட்சுமணனுக்கும் ஆட்டத்தில் பித்து உண்டு. தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக் கிரிக்கெட் குழு அமைத்து, அதற்குத் தலைவராகவும் இருந்தார். அவருடைய அண்ணன் ஆர். கே. நாராயணன், தம்பியின் இந்த ஆட்டங்களைக் கண்டே சிறுகதைகள் சில எழுதினார். 'இந்து' நாளிதழில் வந்த அண்ணனின் கதைகளுக்குத் தம்பி படம் வரைந்தார். அதே நாளிதழில் வெளியான டேவிட் லோ என்னும் சித்திரக்காரரின் படங்களே அவருக்குப் பள்ளிக்கூடம். 'லோ' என்னும் ஆங்கிலக் கையெழுத்தை நெடுநாள் 'கௌ', அதாவது பசு, என்றே படித்துக்கொண்டிருந்தாராம்!

பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தார். போதிய திறமை இல்லை என்று இடம் மறுத்துவிட்டனர். அவர் மைசூர் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்று, பம்பாய் சென்று, 1947-இல் 'டைம்ஸ் ஆப் இந்தியா'வில் சேர்ந்தார். 1951-இல் கட்டம் போட்ட சட்டையும் வேட்டியும் மூக்குக் கண்ணாடியும் அணிந்த 'சாமானியர்' அங்கே தோன்றினார். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு சொல்லும் பேசாமல் நம் நாட்டு அரசியல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். 1984-இல் மகசேசே பரிசும், 2005-இல் பத்ம விபூஷண் விருதும் லட்சுமணனைத் தேடி வந்தன. 2015 ஜனவரி 26-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்விருவரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ரிப்ளி விளையாட்டு மைதானத்தில் தொடங்கி, எவரும் செய்யாததைச் செய்பவரைத் தேடிச் சென்றார். லட்சுமணன் தெரு ஆட்டத்தில் தொடங்கி, எல்லாரும் படும் பாட்டைப் படுபவரைத் தேடிச் சென்றார். ஒருவருக்கு அபூர்வ மனிதர் பொருளானார். மற்றவருக்குச் சாதாரண மனிதர் பொருளானார். பின்னவரின் வழியே எனக்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆயினும் இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு: ஒவ்வொருவருடைய இளமையிலும், 'இந்தப் பிள்ளை வீணாகக் கிறுக்குகிறான்' என்று சொல்லாத ஓர் ஆசிரியர் இருந்தார்.

1937-இல் ரிப்ளியின் கட்டத்தில் ஒரு சிறு படம் வெளிவந்தது. ஊசியையும் ஆணியையும் விழுங்கும் நாய் ஒன்றின் படம். அனுப்பியவன் 14 வயதுச் சிறுவன். பெயர் சார்லஸ் ஷுல்ஸ். பிற்காலத்தில் 'பீனட்ஸ்' என்னும் சித்திரத் தொடரை வரைந்து, பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றும் மனம் தளராத சார்லி பிரவுனை உலகிற்குத் தந்தவர் அவர்தான். ஓமீரா ஒரு பையனுக்குத் தந்த இசைவு, முப்பது ஆண்டுகள் கழிந்து இன்னொரு பையனுக்கு இடமாயிற்று.

நான் பணி ஓய்வு பெற்றபோது அலமாரியை ஒழித்தேன். அடியில் அந்த நோட்டு இருந்தது. திறந்து பார்த்தேன், உப்பிய கன்னங்களோடு நான் ஊதிக்கொண்டிருந்தேன். தனியே அமர்ந்து சிரித்தேன். அன்று வகுப்போடு சேர்ந்து சிரித்திருக்கலாமே என்று வருந்தினேன். அந்த மாணவர் ஆரப்பாளையத்திலேயே ஒரு கடை வைத்திருக்கிறார். நோட்டை எடுத்துச் சென்று அவரிடம் கொடுத்தேன். "சார், இதை இன்னுமா வைத்திருக்கிறீர்கள்?" என்றார். அதில் குறை கூறும் குரல் இல்லை. அதுவே எனக்குத் தண்டனையாயிற்று. "நீ மறுபடி வரையலாமே, அப்பா" என்றேன். "இனி எங்கே, சார்? கை போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டே, உள்ளே இருந்த தம் மகளை அழைத்துப் படத்தைக் காட்டினார். அச்சிறுமி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். நானும் இந்தத் தடவை சிரித்தேன்.

மாணவ மாணவியரே, உங்களில் ஆட வல்லவர் ஆடுங்கள். ஆட இயலாதவர், ஆடுபவரைக் கூர்ந்து பாருங்கள்; கண்டதைக் குறியுங்கள்; வரைய வந்தால் வரையுங்கள். வரைவதற்கு முன் அது உண்மையா என்று கேளுங்கள். வரைந்த பின் அது யாரையேனும் சிறுமைப்படுத்துகிறதா என்று கேளுங்கள். இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லக்கூடிய சித்திரத்தை எந்த ஆசிரியரும் பூட்டி வைக்கலாகாது. அவ்வாறு யாரேனும் பூட்டி வைத்தால், இன்னொரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுவரில் மூன்று கோடு கிழித்து ஆட்டம் தொடங்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு, தொடங்குவதற்குக் கரித்துண்டு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.